அரைச் சங்கு ஓமத்தண்ணீர்

டாக்டர், ஜோவனுக்கு முதுகில் ஊசி போட வேண்டாம். அவனுக்கு மூளைக் காய்ச்சல் இல்லை. அவன் குடித்தது ஜின். மசாலா போட்டு ஊறவைத்த ஜின், நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு ஆல்கஹால். அரைச் சங்கு. அதிலும் பாதி வெந்நீர்.

முக்கியமானதை முதலிலேயே எழுதிவிட்டேன். கான்வென்டில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பார்கள். இதில் யாருடைய நலத்தை விசாரிப்பது? காலை எட்டரைக்கு ஊசி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்குள் மேலே இருக்கும் நாலு வரியைப் படித்தால் போதும். மீதியை நேரம் இருந்தால் படியுங்கள். நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால், நடந்ததை நடந்த மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். உள்ளே தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது ஒரு தடவை, ட்ரிப் ஏற்றும்போது ஒரு தடவை, குப்பியைக் கொண்டு வரச் சொன்னபோது ஒரு தடவை. குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று. மூன்று தடவையும் நான் பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். ஓமத்தண்ணீர்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னது என் நாத்தனார். நான் பக்கத்தில் நின்றேன். என் முகத்தைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை.

நாத்தனாரை உங்களுக்கு நினைவிருக்கும். நீலப் புடவை கட்டிக்கொண்டு, நீங்கள் திட்டத் திட்டத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்களே, அவர்கள்தான். பிலோமி. என் கணவர் பெலிக்ஸுக்கு அக்கா. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர்கள் அப்பா குடித்தே செத்தவர். சாராயக்கடை வாசலிலிருந்து அந்த மனுஷனைத் தூக்கி வந்து தூக்கி வந்தே அக்காவின் வயசு போய்விட்டது என்று பெலிக்ஸ் சொல்வார். பெலிக்ஸ் எங்கள் மாதா கோவில் பங்கில் மதுவிலக்குச் சபைக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக் பிடித்துப் பேசுவார். எங்கள் கல்யாணப் பந்தியில் ஒரு சித்தப்பாவின் வாயில் வாசனை அடித்தது என்று இலையிலிருந்து எழுப்பி அனுப்பியவர். நான் வாழ வந்தது அந்த வீட்டுக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேஸ் ஷீட்டில் என் வேலை என்ற இடத்தில் ரிசப்ஷனிஸ்ட் என்று எழுதியிருக்கிறது. பெலிக்ஸ் சொன்னது. அதுவும் பொய் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் ரிசப்ஷன்தான். பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். முதலாளியை நாங்கள் முசே என்போம். நீங்கள் வேலூர்ப் பக்கம் என்று நர்ஸ் சொன்னார், அதனால் சொல்கிறேன்: பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவது. முசே ஜின் காய்ச்சுகிறார். காய்ச்சுவது வேறு இடத்தில். விடுதியில் ருசி பார்க்க மட்டும் ஒரு மேசை. மூன்றரை மாதக் குழந்தையை விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பியபோது, அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டிருந்தாள். உனக்கு இங்கிலீஷ் சுத்தமாக வருகிறது, நீ நில் என்றார் முசே. நின்றேன். ஆறு வாரம் ஆகிறது. வீட்டில் யாரும் இப்போது எந்த மேசை என்று கேட்கவில்லை. நானாக எப்படிச் சொல்வது?

அந்த வேலை என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வெளியில் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஆறு நாற்காலி. ஆறு சின்னக் கிளாஸ், வாய் குறுகினது. முதலில் மூக்கு. கிளாஸுக்குள் மூக்கை விட்டால் எரியும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு முகவாய்க்கு நேராகப் பிடித்து மோந்து பார்க்கச் சொல்வேன். பிறகு நாக்கு நுனியில் ஒரு சொட்டு. பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் பட்டதும்தான் மசாலா ஒவ்வொன்றாக எழுந்து வரும், ஏலம் முதலில், பட்டை கடைசியில். ஜூனிப்பர் என்று ஒரு காய், அதுதான் ஜினுக்கு உயிர், அது நடுவில் கசப்பாக நிற்கும். இதெல்லாம் ஆன பிறகுதான் ஐஸும் டானிக்கும் ஒரு கீற்று ஆரஞ்சுத் தோலும். ஒவ்வொரு கட்டத்திலும் நான் முதலில் செய்து காட்ட வேண்டும். ஆனால் விழுங்கக் கூடாது. என் காலடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். திரும்பி, கையால் மறைத்துக்கொண்டு துப்பிவிடுவேன். பிறகு மூன்று தடவை வாய் கொப்பளிப்பேன். ஆறு வாரத்தில் ஒரு சொட்டு விழுங்கினதில்லை, டாக்டர். என் பாலில் ஏதாவது இருந்திருக்குமோ என்று நீங்கள் யோசிப்பீர்கள். அது வேண்டாம். அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

நான் அதை நன்றாகவும் செய்தேன். இதைச் சொல்லும் நேரம் இது இல்லை. ஆனாலும் செய்தேன். போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். வீட்டில் ஆறு வேளை பால், எட்டுத் துணி, இரண்டு குக்கர். கை தட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?

முசே புதிதாக ஒன்று காய்ச்சினார். ஏலம், பட்டை, தனியா, திப்பிலி, ஆரஞ்சுத் தோல். இன்னொன்றும் இருக்கிறது, கண்டுபிடி என்றார். மேசையில் டெல்லிக்காரர் ஒருவர், எங்கள் வீட்டுப் பராத்தா என்றார். பிரெஞ்சுக்கார அம்மாள், தங்கள் ஊர் மலைச் செடி ஒன்றின் பெயரைச் சொன்னார். நான் மோந்தேன். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஓமம், முசே, என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இது கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை, முசே" என்றும் சொன்னேன். அவர் கிளாஸை எடுத்து இன்னொரு தடவை மோந்தார். அப்புறம், இதையே எழுது, மேசையில் வைக்கிற கார்டில் போட நாலு வரி வேண்டும், திங்கட்கிழமைக்குள் கொடு என்றார்.

என் நாலு வரி, டாக்டர். அச்சில் வரும். இருபத்தாறு வயதில் எனக்கென்று அச்சில் வருகிற முதல் நாலு வரி.

அந்த அறையில் விருந்தாளிகள் போட்டுக்கொண்டு வரும் சென்ட்டில் மூக்கு மங்கிப்போகும். வீட்டில் வைத்து நிதானமாக மோந்து எழுதுகிறேன் என்று கேட்டேன். முசே ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, மேலே லேபிளும் ஒட்டிக் கொடுத்தார். லேபிளோடு அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோக முடியுமா? இங்கேதான் ஓமத்தண்ணீர்க் குப்பி வருகிறது.

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று தடுப்பூசி போட்ட நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். பிலோமி அண்ணி கேட்க மாட்டார்கள். பிள்ளை முக்கினால் ஓமத்தண்ணீர், முனகினால் ஓமத்தண்ணீர். நான் எடுத்து ஒளித்து வைப்பேன். அவர்கள் தேடி எடுப்பார்கள். அரிசி டப்பாவுக்குள் வைத்தேன், எடுத்துவிட்டார்கள். என் சூட்கேசில் வைத்தேன். "படிச்ச பொண்ணு, ஒளிக்கத் தெரியலையே" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் திங்கட்கிழமை குப்பியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துக் கொட்டினேன். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, நாட்டு மருந்துக் கடைச் சீட்டு ஒட்டினது. ஜோவனுடைய ஓமத்தண்ணீர் எங்கே என்று அண்ணி கேட்டபோது, எடுத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் காலிக் குப்பியில்தான் ஜின்னை ஊற்றினேன். யார் பார்த்தாலும் ஓமத்தண்ணீர். திறந்து மோந்தாலும் ஓமத்தண்ணீர். பீரோவின் மேலே, பழைய தலையணைக்குப் பின்னால் வைத்தேன். வியாழக்கிழமை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி பிள்ளையைக் கவனிக்காதவர்கள் இல்லை. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பாலோ மருந்தோ எதுவானாலும், சங்கைப் பிள்ளையின் வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். சூடு பார்ப்பார்கள், புளிப்புப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. எச்சில் என்று சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாள் தவறாமல் அதைச் செய்தவர்கள் இன்று செய்யவில்லை, டாக்டர். ஏன் தெரியுமா? இன்று தவக்கால வெள்ளி. அண்ணிக்கு ஒருசந்தி. நீங்கள் எங்கள் வேதம் இல்லை என்பதால் சொல்கிறேன்: ஒருசந்தி என்றால் ஒரு வேளைச் சாப்பாடு. அண்ணியின் ஒருசந்தி அதைவிடக் கடுமை. மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூட நாக்கில் படக் கூடாது. எங்கள் கோவிலில் யாரும் அப்படி இருப்பதில்லை. பங்குச் சாமியாரே காபி குடிக்கிறார்.

காலையில் நான் போன பிறகு ஜோவன் வீறிட்டு அழுதிருக்கிறான். வயிறு கல் மாதிரி இருந்ததாம். அண்ணி வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடி, பீரோவின் மேலே குப்பியைக் கண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை நன்றாகத்தான் ஒளித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்களாம். பாதிக்குப் பாதி வெந்நீரும் கொஞ்சம் கற்கண்டும் கலந்து, அரைச் சங்கு, நாக்கில் வைத்துப் பார்க்காமல் புகட்டியிருக்கிறார்கள். அவன் முகத்தைச் சுளித்தானாம். பிறகு அழுகையை நிறுத்திவிட்டானாம். பிறகு தூங்கினானாம். பதினோரு மணிக்குப் பாலுக்கு எழுப்பினால் எழவில்லை. கை கால் துவண்டு தொங்கியது. எனக்குப் போன் வந்தது.

நான் வந்து சேர்ந்தபோது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓமத்தண்ணி குடுத்தேன் என்று அண்ணி சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போய் பீரோ மேலே கையை விட்டேன். இல்லை. சமையலறையில் அந்தக் குப்பி கழுவிச் சுத்தமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. சீட்டைக்கூட ஊறவைத்து உரித்திருந்தார்கள்.  மாதாவே, தடயம் போய்விட்டது என்று நினைத்தேன். என்ன வார்த்தை பாருங்கள், பிள்ளை ஆட்டோவில் கிடக்கிறது, எனக்குத் தடயம். அண்ணி எப்போதும் சுத்தக்காரி, பாத்திரம் காலியானால் உடனே கழுவிவிடுவார்கள், நல்லதாகப் போயிற்று. அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது யார் குப்பிச் சீட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். சர்க்கரை முப்பத்தெட்டுக்குப் போய்விட்டது என்றீர்கள். குளுக்கோஸ் ஏறியதும் கண்ணைத் திறந்தான், மூடினான். வாயில் ஓம வாசனை அடித்தது. அண்ணியை நீங்கள் திட்டினீர்கள். ஓமத்தண்ணீரால் மட்டும் இப்படி ஆகாது, வேறு காரணம் இருக்கும், அந்தக் குப்பியைக் கொண்டு வாருங்கள் என்றீர்கள். கழுவிப் போட்டுவிட்டேன் என்றார்கள் அண்ணி. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு போனீர்கள்.

அதற்குப் பிறகு வராந்தாவில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பெலிக்ஸ் அக்காவைப் பார்த்துக் கத்தினார். நான் அவர் கத்திப் பார்த்ததே இல்லை, மைக்கில் தவிர.

"எத்தனை தடவ சொன்னா அவ? கூடாது கூடாதுன்னு எத்தனை தடவ சொன்னா? படிச்சவ சொன்னா உனக்கு ஏறாதா? இனிமே என் புள்ளைய நீ தொடக் கூடாது. காரைக்கால் போய் பெரியம்மா மவ வீட்ல இரு. இன்னிக்கே போ."

 அண்ணி சரி என்று தலையை ஆட்டினார்கள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதி மட்டும் இல்லை. ஜோவன் என்னிடம் அழுவான், அவர்கள் தோளுக்கு மாறியதும் நிறுத்துவான். அது பழக்கம்தான், பகல் முழுக்க அவர்களிடம் இருக்கிறானே, எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இனி வேறு தோள் இருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை வந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு அண்ணி கீழே மருந்துக்கடை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெலிக்ஸ் துணிமணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு போனேன். ஒருசந்தி மத்தியானத்தோடு முடிந்திருக்குமே, ஒன்றும் சாப்பிடவில்லையே என்றேன்.

"ஒருசந்தி காலையிலேயே முறிஞ்சுபோச்சு, மார்சலின்" என்றார்கள்.

அவர்கள் முறித்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் ஜுரத்தோடு இருந்தார்கள், மாத்திரைகூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஆட்டோவில் யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஒரு ஸ்பூன்" என்றார்கள். "புள்ள எந்திரிக்கல. குப்பிய எடுத்து நாக்குல விட்டுப் பாத்தேன்." டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். குடிக்கவில்லை. "நல்ல சரக்கு. எங்கப்பா குடிச்சது இவ்ளோ வாசனையா இருக்காது."

டாக்டர், ஆறு வாரமாக நான் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், முதல் சொட்டை நாக்கில் விட்டதும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று. யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

 குடிக்க இல்லை, வேலைக்கு, எழுதுவதற்கு என்று ஏதோ உளறினேன். நாலு வரி என்றேன். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ தெரியாது. நீ குடிக்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும், குடிக்கிறவர்கள் வாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"பெலிக்ஸ் கிட்ட வாயத் தொறக்காத" என்றார்கள். "சொன்னா உன்ன வச்சுக்க மாட்டான். எங்கப்பாவத் தூக்கினது நான். அவன் பயந்துக்கிட்டு கட்டிலுக்கு அடியிலதான் கெடப்பான். அந்தப் பயம் இன்னும் போகல அவனுக்கு, அதான் மைக் புடிச்சுக் கத்தறான். நான் எங்க இருந்தா என்ன. புள்ளைக்கு அம்மா வேணும்."

குப்பியைக் கழுவினது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர்களை பெலிக்ஸ் ஏற்றிவிட்டார். ஒரு பை. நான் வாசல் வரை போனேன், அதற்கு மேல் போகவில்லை, பிள்ளை தனியாக இருக்கிறானே.

ஆறு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். சர்க்கரை ஏறியும் குழந்தை சோர்ந்தே இருக்கிறான், தூக்கத்தில் இடது கையை வெட்டி வெட்டி இழுக்கிறான், பிட்ஸாக, வலிப்பாக இருக்கலாம், காரணம் தெரியாமல் விட முடியாது, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றீர்கள். ஐந்து மாதக் குழந்தையை வில் மாதிரி வளைத்துப் பிடிப்பார்களாம். பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் சொன்னாள், அவள் மகளுக்கு மூன்று தடவை எடுத்தார்களாம். பெலிக்ஸ் கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறந்தேன். உங்கள் போன் அடித்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

அண்ணிக்கு இந்த ஊசி விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் பெஞ்சில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் போன பிறகு வந்த கணக்கு இது. என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

எனக்கு என்ன பயம் என்று வரிசையாகச் சொல்கிறேன். இதைப் படித்ததும் நீங்கள் போலீசுக்கு எழுத வேண்டியிருக்குமோ என்று பயம். குழந்தைக்குச் சாராயம் கொடுத்த தாய் என்று பெயர் வைப்பார்களோ என்று பயம். அவனுக்கு ஈரலிலோ மூளையிலோ ஏதாவது ஆகியிருக்குமோ, அதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்களோ என்று பயம். பெலிக்ஸ் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்புவாரோ என்று பயம். இந்தக் கடைசியை முதலில் எழுதியிருக்க வேண்டும். உண்மையில் அதுதான் முதலில் வந்தது.

அதனால் ஒரு உதவி, டாக்டர். ஊசியை நிறுத்திவிடுங்கள். தேவையான வேறு டெஸ்ட் எது வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் பெலிக்ஸிடம் ஓமத்தண்ணீர் என்றே இருக்கட்டும். ஓமத்தண்ணீரே சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். அண்ணியும் அதைத்தான் விரும்புகிறார்கள். அவர்களாகச் சொன்னது, நான் கேட்டு வாங்கவில்லை. பெரியவர்கள் சொன்னதை மீறுவதும் தப்புதானே. காரைக்காலில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது, கடல் பக்கம், கோவில் பக்கம். கொஞ்ச நாள் ஆனதும் பெலிக்ஸுக்குக் கோபம் தணியும், நானே அழைத்துவரச் சொல்வேன்.

மேலே இருக்கும் வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அண்ணி. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றார்கள். பால் குடித்தானா என்று கேட்டார்கள். குடித்தான் என்றேன், இரண்டு தடவை குடித்தான், அது நிஜம். டாக்டர் ஊசி ஏதாவது குத்தப்போவதாகச் சொன்னாரா என்று கேட்டார்கள். ஏன் அதைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

அது பொய், டாக்டர். இன்று நான் வாயைத் திறந்து சொன்ன முதல் பொய்.

பிறகு வைக்கப்போனவர்கள், மறந்த மாதிரி, "அவன் தூங்கையில எடது கைய வெடுக்குனு இழுப்பான், மார்சலின்" என்றார்கள். "பொறந்த வாரத்துலேர்ந்து அப்படித்தான். நான் கைய அவன் நெஞ்சு மேல வச்சு அமுக்கினா அடங்கிடும். நீ பாட்டுக்குப் பயந்துக்காத."

நான் கையை வைத்துப் பார்த்தேன். அடங்கிவிட்டது. எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இழுத்தான். வைத்தேன். அடங்கிவிட்டது.

பிறந்த வாரத்திலிருந்தாம். நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள், இதற்கு முன்னால் இப்படிச் செய்திருக்கிறானா என்று. அந்த ஒரு கேள்வியை மட்டும் நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். இல்லை, இன்றுதான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. நான் இன்றுதான் பார்த்தேன்.

அது தெரிந்த ஒருவரை நாங்கள் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

மேலே பெலிக்ஸிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன் இல்லையா, அதை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. நான் அப்படிக் கேட்டேன் என்பதும் தெரியட்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று எழுத ஆசைதான். என்னால் முடியாது. எனக்கு என்னைத் தெரியும். அவர் வந்து நின்றதும் நான் பால் பாட்டிலைக் கழுவப் போய்விடுவேன்.

ஆனால் இங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஃபைலைக் குழந்தையின் அப்பா கையில் கொடுப்பார்களாம். அவர் அதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் அறை வாசலில் உட்கார வேண்டும், பெயர் கூப்பிடும் வரை. அரை மணி நேரமாவது ஆகும் என்று நர்ஸ் சொன்னார். பெலிக்ஸ் கையில் எழுத்தாக எது கிடைத்தாலும் படிப்பவர், பொட்டலம் கட்டின பேப்பரைக்கூட விடமாட்டார். இந்தக் காகிதங்களை நான் மடிக்கவில்லை, ஒட்டவில்லை. ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். ஊசிக்கான படிவத்தில் தாய் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

என்னங்க, இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். கதவைத் தட்டி டாக்டரிடம் கொடுங்கள். பிறகு காரைக்காலுக்குப் போன் பண்ணுங்கள். என்னிடம் கடைசியாக வாருங்கள். நான் எங்கேயும் போக மாட்டேன். ஜோவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.